கொடுத்தவரே மனுதாரர், கொடுத்தவரே சாட்சி



நிறுவனங்கள் செய்யும் சமூகப் பொறுப்புப் பணிகளுக்கு விருது வழங்குவது இன்று தனியொரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. கல்விக்கு ஒரு விருது, மருத்துவத்திற்கு ஒரு விருது, நீர்நிலைப் பாதுகாப்பிற்கு ஒரு விருது, பெண்கள் முன்னேற்றத்திற்கு ஒரு விருது என வகைகள் பெருகியுள்ளன. விண்ணப்பப் படிவம், பல விருதுகளுக்கு நுழைவுக் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி., நடுவர் குழு, நட்சத்திர ஓட்டலில் இரவு விருந்து, மேடையில் கேடயம், மறுநாள் புகைப்படம் என்று அதற்கென ஒரு நடைமுறையும் உருவாகியிருக்கிறது. நம் சமுதாயத் தொழிலதிபர்களும், அவர்களிடம் உதவி பெறும் நம் பள்ளிகளும் அறக்கட்டளைகளும் இவ்வரிசையில் நிற்கத் தொடங்கியிருப்பதைக் காண்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பெரிய நிறுவனங்களில் பணியாற்றுகிறார்கள். இத்தகைய மனுக்களை எழுதும் வேலை அவர்களில் சிலரின் மேசைக்கும் வந்து சேருகிறது. ஆகவே இது முதலாளிகளின் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செய்த உதவிக்கு விருது வேண்டும் என்று மனுப்போடும் வழக்கத்தை முஸ்லிம் நிறுவனங்கள் கைவிட வேண்டும். அந்த மனுவுக்குப் படமும் நன்றிக் கடிதமும் திரட்டித் தரும் வேலையை நம் மதரஸாக்களும் அநாதை இல்லங்களும் மறுக்க வேண்டும்.

இதை ஹராம் என்று ஃபத்வா கொடுக்க நாம் முன்வரவில்லை. யாருடைய உள்ளத்தில் இக்லாஸ் இருக்கிறது, யாருடைய உள்ளத்தில் முகஸ்துதி இருக்கிறது என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. உள்ளத்தை அவனிடம் விட்டுவிடுவோம். அந்த மனுவை மட்டும் கையில் எடுத்துப் படித்துப் பார்ப்போம். நாம் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

கடமையா, கொடையா?

இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுமுதல் 1000 கோடி ரூபாய், அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் - இம்மூன்றில் ஏதேனும் ஓர் அளவை எட்டிய நிறுவனம், தன் முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தொடக்கத்தில், செலவிடாத நிறுவனம் அதற்கான காரணத்தை ஆண்டறிக்கையில் எழுதினால் போதும் என்ற நிலை இருந்தது. 2021 ஜனவரியில் அந்த நிலை மாறியது. இப்போது செலவிடாத தொகையை உரிய நிதிக்கோ தனிக் கணக்கிற்கோ மாற்றியாக வேண்டும். தவறினால் அபராதம் உண்டு.

அதாவது, வரம்புக்குள் வரும் நிறுவனத்திற்கு அந்த 2 விழுக்காடு கொடை ஆகாது. அது கடமை. வரி கட்டிய ஒருவர் வரி கட்டியதற்காகக் கேடயம் கேட்டால் நாம் சிரிப்போம். நம் மார்க்கத்திற்கு இது இன்னும் நன்றாகத் தெரிந்த பாடம். செல்வந்தரின் பொருளில், கேட்பவருக்கும் வறியவருக்கும் குறிப்பிட்ட உரிமை இருப்பதாகக் குர்ஆன் (70:24, 25) கூறுகிறது. அங்கே பேசப்படுவது பெறுபவரின் உரிமை. ஆண்டுதோறும் 2.5 விழுக்காடு ஜகாத் கொடுக்கும் நம் ஊர் வியாபாரி, 'நான் ஜகாத் கொடுத்துவிட்டேன், எனக்குச் சிறந்த ஜகாத் விருது தாருங்கள்' என்று ஜமாஅத்திடம் மனுக்கொடுத்தால் மஹல்லாவே அவரை எப்படிப் பார்க்கும்? அதே மனிதர் தம் நிறுவனத்தின் பெயரில், சட்டம் விதித்த 2 விழுக்காட்டுக்கு அப்படியொரு மனுவைக் கொடுக்கும்போது மட்டும் நாம் ஏன் கை தட்டுகிறோம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். தன் பொருளுக்கு விளம்பரப் பயன் கிடைக்கும் வகையில் ஆதரவாளராக நின்று செய்யும் செலவைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் திருத்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. உதவியை விளம்பரமாக்காதே என்று சட்டமே வாசற்கதவைச் சாத்திவிட்டது. விருது மேடை அந்த விளம்பரத்தைப் புழக்கடை வழியாக உள்ளே கொண்டுவருகிறது.

தாம் செய்யாதவற்றுக்காகப் புகழப்பட விரும்புவோரைக் குர்ஆன் (3:188) எச்சரிக்கிறது. அந்த வசனம் இறங்கிய பின்னணி வேறு என்பதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியிருப்பதை நாம் அறிவோம். ஆயினும், கடமையாகச் செலுத்தியதைக் கொடையென்று எழுதி, கொடுக்காத கொடைக்குப் புகழ் தேடும்போது, அந்த எச்சரிக்கை நமக்கு வெகு தொலைவில் இல்லை.

மனுவில் பேசுவது யார்?

விருது விண்ணப்பத்தைப் பிரித்துப் பாருங்கள். எத்தனை பேர் பயனடைந்தார்கள்? பணிக்கு முன் நிலை என்ன, பின் நிலை என்ன? படங்கள், காணொளி, பயனாளிகளின் கடிதங்களை இணைத்திருக்கிறீர்களா? இக்கேள்விகள் அனைத்துக்கும் விடை எழுதுபவர் கொடுத்தவரே. சில நேரம் அவர் கூலிக்கு அமர்த்திய எழுத்தாளர். நன்மை நடந்தது என்று சொல்பவரும் அவர், அதற்கு ஆதாரம் தொகுப்பவரும் அவர், பரிசு கேட்பவரும் அவர். ஃபிக்ஹு நூல்களில் சாட்சியம் பற்றிய பாடத்தைத் தொடங்கும் மாணவருக்கே தெரியும்: ஒருவர் தமக்குத் தாமே சாட்சி சொன்னால் அச்சாட்சியம் ஏற்கப்படாது. ஒரு சிறு கடன் வழக்கிலும் ஏற்கப்படாத சாட்சியம் விருது மேடையில் ஏற்கப்படுகிறது.

பெறுபவர் எங்கே இருக்கிறார்? படத்தில் இருக்கிறார். நிறுவனத்தின் முத்திரை அச்சிட்ட புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடி வரிசையில் நிற்கும் பிள்ளையாக இருக்கிறார். மதரஸாவின் பெயர் அச்சிட்ட தாளில் நன்றிக் கடிதம் எழுதும் ஆசிரியராக இருக்கிறார். அந்தக் கடிதத்தை எழுத மறுக்கும் சுதந்திரம் அவருக்கு உண்டா? 'அடுத்த ஆண்டும் அவர்கள் உதவி வேண்டுமே' என்று நிர்வாகி சொல்லும் ஒரு வார்த்தையில் அந்தச் சுதந்திரம் முடிந்துபோகிறது. இந்த நெருக்கடி எப்படி இருக்கும் என்பதை மதரஸாவில் பாடம் நடத்தும் எங்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

படத்தில் இருக்கும் அந்தப் பிள்ளையை இன்னும் பத்தாண்டு கழித்து எண்ணிப் பாருங்கள். அவள் படித்து, வேலைக்குப் போய், திருமணம் பேசும் பருவத்தில் இருப்பாள். 'நாங்கள் கைதூக்கிவிட்ட ஏழைகள்' என்ற தலைப்பின் கீழ் அவள் முகம் அப்போதும் ஏதோ ஒரு திரையில் இருக்கும். அதற்கு அவளிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எட்டு வயதில் அவளுக்கு என்ன புரிந்திருக்கும்?

தர்மத்தைச் சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் பாழாக்கிவிடாதீர்கள் என்பது ஈமான் கொண்டோருக்குக் குர்ஆன் (2:264) இடும் கட்டளையின் கருத்து. மக்கள் பார்க்கச் செலவிடுபவரின் நிலைக்கு அங்கே ஓர் உவமையும் உண்டு. வழுக்குப் பாறையின் மேல் படிந்த மெல்லிய மண். ஒரு பெருமழை பெய்ததும் பாறை வெறுமையாகிவிடுகிறது. இந்த வசனம் கொடுப்பவரின் நன்மையை மட்டும் காக்கவில்லை, வாங்குபவரின் மானத்தையும் சேர்த்தே காக்கிறது. முகஸ்துதி பற்றி நாம் மிம்பரில் நிறையப் பேசுகிறோம். அந்த நோவினையைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். நல்லோர் உணவளிக்கும்போது கைம்மாறும் நன்றியும் எதிர்பார்ப்பதில்லை என்று 76ஆம் அத்தியாயம் (வசனம் 9) சொல்கிறது. நன்றிக் கடிதத்தைக் கோப்பில் இணைக்கச் சொல்லும் படிவத்தை அந்த வசனத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விருது, பணியின் போக்கையும் மாற்றிவிடுகிறது. பள்ளிக்குப் பத்துக் கணினி வாங்கிக் கொடுப்பது படமாகும். அவை பழுதானால் சரிசெய்பவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது படமாகாது. கழிப்பறை கட்டித் திறப்பு விழா நடத்துவது எண்ணிக்கையில் சேரும். அதற்குத் தண்ணீர் இணைப்பையும் துப்புரவுப் பணியாளரையும் ஏற்பாடு செய்வது எந்தப் படிவத்திலும் தனிக் கட்டமாக வருவதில்லை. மனுவைக் கண் முன் வைத்துக்கொண்டு பணியைத் தேர்ந்தெடுப்பவர், எளியவருக்குத் தேவையானதை விட்டுவிட்டு நடுவருக்குப் பிடித்ததையே தேர்ந்தெடுப்பார்.

விருதின் கண்ணுக்குத் தெரியாதவை

2008 செப்டம்பரில் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்திற்கு, நிர்வாகச் சிறப்புக்கான 'கோல்டன் பீகாக்' உலக விருது வழங்கப்பட்டது. நான்கு மாதங்கள்கூட முழுதாகக் கடக்கவில்லை. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளில் 7000 கோடி ரூபாய்க்கு மேல் பொய்யாகக் காட்டியிருந்ததாகத் தாமே எழுதிக் கொடுத்தார். பிறகு விருது திரும்பப் பெறப்பட்டது. இதே மனிதர் 2005இல் ஆந்திரத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்படுவதற்கு முதன்மையானவராக இருந்தவர். அந்தச் சேவை உயிர்களைக் காத்தது என்பது உண்மை. அந்தக் கணக்கு பொய் என்பதும் உண்மை. நடுவர்கள் தங்கள் முன் வைக்கப்பட்ட தாளைப் பார்த்தார்கள். பெட்டகத்தைத் திறந்து பார்க்கும் வேலை விருதுக்கு இல்லை.

பிறர் கதையோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. நம் சமுதாயத்தின் பெருந்தொழிலாகிய தோல் பதனிடும் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. அதன் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களில் 900க்கு மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் இயங்கியதையும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக ஆய்வொன்று கண்டதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது அத்தீர்ப்பின் வழியாகத்தான்.

ஆற்றைக் கெடுத்த ஓர் ஆலை, மறுகரையில் ஆயிரம் மரக்கன்றுகளை நட்டு, பசுமை விருதுக்கு மனுப்போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். படிவம் மரக்கன்றுகளை எண்ணும். கிணற்று நீரைச் சுவைத்துப் பார்க்காது. ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி எத்தனை நாள் தாமதமானது என்று கேட்காது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இந்தக் கேள்விதான் முதற்கேள்வி.

உண்மையான ஓட்டாண்டி யார் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு விளக்கிய ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. தொழுகை, நோன்பு, ஜகாத் என்று நிறையக் கொண்டுவருகிறான் ஒருவன். ஆனால் ஒருவரை ஏசியிருப்பான், இன்னொருவர் பொருளை உண்டிருப்பான், வேறொருவரை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்பட்டுத் தீர்ந்துபோகின்றன. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் நேரில் வந்து பேசுகிறார்கள். விருது மேடைக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை.

எதிர்வாதங்கள்

'பிறரைத் தூண்டுவதற்காகத்தானே வெளிப்படுத்துகிறோம்' என்பார்கள். இது எடுத்தெறியத்தக்க வாதம் அன்று. தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்றே, மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் நன்று என்ற கருத்தைக் குர்ஆனே (2:271) சொல்கிறது. முளர் கூட்டத்தார் வறுமைக் கோலத்தில் மதீனாவுக்கு வந்தபோது, அன்சாரிகளில் ஒருவர் கையால் தூக்க முடியாத அளவுக்கு ஒரு பையைச் சுமந்து வந்து வைத்தார். அதைக் கண்டு மக்கள் அணியணியாக வந்து கொடுத்தார்கள். உணவும் உடையுமாக இரு குவியல்கள் சேர்ந்தன. நபி (ஸல்) அவர்களின் முகம் மகிழ்ச்சியால் ஒளிர்ந்தது. ஜரீர் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தியில் அந்த அன்சாரித் தோழரின் பெயர்கூட இல்லை! தூண்டியது அவருடைய செயல். அவருக்கு முதலிடம், அடுத்தவருக்கு இரண்டாமிடம் என்று அங்கே யாரும் வரிசைப்படுத்தவில்லை. மேலும், பணியை வெளிப்படுத்துவது இன்று சட்டப்படியே நடக்கிறது. நிறுவனம் தன் சமூகப் பொறுப்புக் கொள்கையையும் திட்டங்களையும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்திலும் செலவு விவரங்கள் கிடைக்கின்றன. கணக்கைத் திறந்து வைப்பது ஒன்று, கேடயம் கேட்பது வேறொன்று.

'விருது இருந்தால்தான் சிறிய அறக்கட்டளைகளுக்கு நிதி வரும்' என்பது இரண்டாவது வாதம். சிலருக்கு அப்படி வந்திருக்கலாம். ஆனால் கொடுப்பவர் கேட்க வேண்டியது தணிக்கை செய்த கணக்கு, முறையான பதிவு, பணி நடந்த இடத்தை நேரில் பார்க்கும் உரிமை. நிறுவனங்களிடம் இந்நிதி பெற்றுப் பணியாற்றும் அமைப்புகள் 2021 ஏப்ரல் முதல் அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தின் வழியே பதிவு செய்தாக வேண்டும். பெரும் பொறுப்புத் தொகை உள்ள நிறுவனங்கள், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களின் பயனை வெளியாரைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்றும் விதி உள்ளது. இந்த வழிகளில் வரும் நம்பிக்கை ஒரு கேடயத்தால் வரும் நம்பிக்கையைவிட உறுதியானது. கட்டணம் கட்டி மேடையேறும் சிறிய அறக்கட்டளை, அந்தக் கட்டணத்தை எந்த ஏழையின் பங்கிலிருந்து எடுத்தது என்பதையும் சொல்லட்டும்.

மூன்றாவது வாதம் நம் நெஞ்சைத் தொடுவது. 'நம் சமுதாயத்தைப் பற்றி எங்கும் தவறாகப் பேசுகிறார்கள். நாம் செய்யும் நன்மை ஊருக்குத் தெரிய வேண்டாமா?' இந்த வேதனையை நாமும் உணர்கிறோம். ஆனால் நற்பெயர் எப்படி வந்தது என்று நம் வரலாற்றைக் கேட்போம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. சென்னை புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் 1951இல் தொடங்கின. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருள் இப்படிக் கல்வியாக மாறியது. அங்கே எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பித் தம் வீட்டில் சொன்ன சொல்தான் நமக்கு நற்பெயராக விளைந்தது. கல்லூரிக் கட்டடத்தில் பெயர் இருப்பதும் புகழ்தானே என்று கேட்கலாம். அந்தப் பெயருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. கல்லூரி தாழ்ந்தால் பெயரும் தாழும். கேடயத்திற்கு அப்படியொரு பொறுப்பு இல்லை. பணி நின்றுபோன பிறகும் அது வரவேற்பறையில் மின்னிக்கொண்டிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் எல்லாருக்கும் கதவு திறந்தபோது கிடைத்த நன்மதிப்பும் நடுவர் குழு கொடுத்ததன்று. ஈரத் துணியோடு வந்து படுத்தவர்கள் கொடுத்தது.

என்ன செய்யலாம்?

கேட்காமலே ஒரு பாராட்டு வந்தால் அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்து பெற்றுக்கொள்ளுங்கள். மனிதர் ஒருவரின் நற்செயலைப் பிறர் புகழ்வது ஈமான் கொண்டவருக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்ற கருத்தில் நபிமொழி உண்டு. நாம் மறுப்பது மனுப்போடுவதை.

நிறுவனம் நடத்தும் சகோதரர்களே, விருதுக் கட்டணத்திற்கும் விருந்து மேசைக்கும் காணொளிக்கும் எண்ணியிருந்த தொகையை, ஏற்கெனவே கட்டிய பள்ளிக் கழிப்பறையின் பராமரிப்புக்கு எழுதுங்கள். பணி முடிந்து ஓராண்டு கழித்து, உங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவரை அனுப்பி, பயன்பெற்றவர்களிடம் குறைகளைக் கேட்டு வரச் செய்யுங்கள். புகழைக் கேட்டு வரச் சொல்லாதீர்கள். வெளியே செலவிடும் முன் உங்கள் வாசலுக்குள் இருக்கும் தொழிலாளியின் கூலியையும், உங்கள் சுவரைத் தாண்டி ஓடும் கழிவுநீரையும் பாருங்கள்.

மதரஸா, பள்ளி நிர்வாகிகளே, உதவி பெறும் நாளிலேயே எழுத்தில் ஒரு நிபந்தனை வையுங்கள்: பற்றுச்சீட்டும் கணக்கும் தருவோம், பிள்ளைகளின் முகத்தைத் தரமாட்டோம். இதைச் சொல்வதால் ஓர் உதவி கைநழுவிப் போகலாம். ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நாம், அதை நம்பி ஒரு முறை நடந்து காட்டுவோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையைப் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உதவி வாங்கியதால் அந்த உரிமை போய்விடவில்லை.

இந்த மனுக்களை எழுதும் பணியில் இருக்கும் பிள்ளைகளே, வேலையை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. எண்ணிக்கையைக் கூட்டி எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். பெயரும் முகமும் வேண்டாமே என்று ஒரு முறையாவது எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்கும் கூலி உண்டு.

மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றிய ஹதீஸை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அவர்களில் ஒருவர் செல்வத்தை வாரி வழங்கியவர். வள்ளல் என்று சொல்லப்படுவதற்காகக் கொடுத்தாய், அப்படியே உலகில் சொல்லப்பட்டும்விட்டது என்பதே அவருக்குக் கிடைக்கும் பதிலின் கருத்து. இன்னொருவர் ஓர் ஆலிம். அதை மறந்துவிட்டு நாம் இதை எழுதவில்லை. இந்த எழுத்தும் புகழுக்காக ஆகிவிடாமல் காக்குமாறு அவனிடமே வேண்டுகிறோம்.

வல்ல அல்லாஹ் நம் பொருளிலும் பரக்கத் செய்வானாக. நாம் கொடுப்பதை ஏற்றுக்கொள்வானாக. நம்மிடம் வாங்குபவர்களின் மானத்தை நம் கையால் கெடுக்காமல் நம்மைக் காத்தருள்வானாக. ஆமீன்.